சும்மா இருக்கும் கைகள்



இந்த மாதம் நான் செய்த ஒரு தவறைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் மலையகத் தோட்டமொன்றில் குடும்ப விபரங்களைத் திரட்டும் பணி எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், எவ்வளவு படித்திருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். நான் போன கடைசி லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை. வீட்டில் வயதான மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வாசற்படியில் அமர்ந்து, பின்னல் ஊசிகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு முறை எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்ன வேலை செய்றீங்க அக்கா?” என்று கேட்டேன்.

“வேலையா? ஒண்ணும் இல்ல மிஸ். கொழுந்து எடுக்கப் போறத நிப்பாட்டி நாலு வருஷம் ஆச்சு. வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

‘தொழில் இல்லை’ என்று எழுதினேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் அந்த ஸ்வெட்டர் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. அதை என் கண்கள் பார்த்தன. ஆனால் கை ‘தொழில் இல்லை’ என்றே எழுதியது. அந்த ஸ்வெட்டர் தன் பிள்ளைக்கு அல்ல, பட்டணத்து வியாபாரி ஒருவருக்கு என்பதையும் அவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

சில வாரங்களுக்குப் பிறகு, சுயதொழில் செய்யும் பெண்களுக்கான உதவித் திட்டமொன்றுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரானது. நாங்கள் நிரப்பிய படிவங்களிலிருந்துதான் பெயர்களை எடுத்தார்கள். அந்த லயத்திலிருந்து கோழி வளர்க்கும் பெண்ணின் பெயர் இருந்தது. சிறுகடை வைத்திருப்பவரின் பெயர் இருந்தது. பின்னும் அக்காவின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காரணம் என் கையெழுத்தில் இருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சமூகவியல் படித்தவள். ஆன் ஓக்லி என்ற ஆங்கிலப் பெண்மணி 1974 இல் வீட்டுவேலையின் சமூகவியல் பற்றி எழுதிய நூலைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள். அவர் லண்டனில் 40 இல்லத்தரசிகளைச் சந்தித்து, அவர்கள் சராசரியாக வாரத்துக்கு 77 மணித்தியாலங்கள் வீட்டுவேலை செய்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். பரீட்சைத்தாளில் அதை அழகாக எழுதிப் புள்ளிகள் வாங்கினேன். லயத்து வாசலில் அது நினைவுக்கு வரவில்லை.

அம்மாவின் நூற்பந்து

இன்னுமொரு காரணத்தாலும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என் அம்மாவும் பின்னுபவர்.

நாங்கள் வளர்ந்ததும் குளிர்ப் பிரதேசத்தில்தான். அப்பாவுக்குத் தபாற்கந்தோரில் வேலை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். எங்கள் மூவருக்கும் கடையில் ஸ்வெட்டர் வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. அக்காவுக்குச் சிறிதாகிப்போனதை அம்மா பிரிப்பார். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு இருக்கும். அதை நாற்காலியின் முதுகில் வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெந்நீரில் ஊறவைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிடுவார். காய்ந்ததும் நூல் நேராகிவிடும். பிறகு அந்த வளையத்தை என் இரண்டு கைகளிலும் மாட்டி, “அசையாம நில்லு பிள்ளை” என்று சொல்லிப் பந்தாகச் சுற்றுவார். என் கைகள் இடமும் வலமும் ஆட ஆட நூல் ஓடும். அந்த நேரத்தில்தான் அம்மா கதை சொல்வார், வாய்ப்பாடு கேட்பார், பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை என்று விசாரிப்பார்.

அக்காவின் நீல ஸ்வெட்டர் இப்படித்தான் எனக்கு வந்தது. என்னுடையது சிறிதானதும் தம்பிக்கு வெள்ளைக் கோடு சேர்த்து வந்தது. கடைசியில் மிஞ்சிய நூல் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொப்பியாகப் போனது. ஒரே நூல் நான்கு பிள்ளைகளைக் குளிரிலிருந்து காத்தது.

யாராவது வீட்டுக்கு வந்து அம்மாவின் பின்னலைப் பாராட்டினால் அப்பா சிரித்துக்கொண்டு, “அது அவவின்ட பொழுதுபோக்கு” என்பார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அப்பா நல்ல மனிதர். ஆனால் அம்மாவுக்குப் போக்குவதற்குப் பொழுது எங்கே இருந்தது? பருப்பு வேகும் நேரம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், நாங்கள் பாடம் படிக்கும் நேரம் என்று மற்ற வேலைகளுக்கு இடையில் இருந்த இடுக்குகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துத்தான் அவர் பின்னினார்.

தனியாக உட்கார்ந்து செய்யாததால் அது வேலையாகத் தெரியவில்லை. இடையிடையே செய்வதால் பொழுதுபோக்காகத் தெரிந்தது.

நூல் வந்த வழி

பின்னலுக்கு முன்னால் நூல் வேண்டும். அந்த நூலும் பல நூற்றாண்டுகளாகப் பெண்களின் இடுக்கு நேரத்திலிருந்துதான் வந்தது.

நம்மில் பலர் நூல் நூற்பதைப் பார்த்ததில்லை. ஆனால் அறியாமலே செய்திருக்கிறோம். விளக்குக்குத் திரி திரிக்கும்போது பஞ்சை இழுத்து, தொடையிலோ உள்ளங்கைகளுக்கு நடுவிலோ வைத்து உருட்டுகிறோம் அல்லவா? நூற்றலும் அதேதான். பருத்தியின் இழை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குலம்தான் இருக்கும். முறுக்கு ஏறும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முடிவில்லாத நூலாகின்றன. ராட்டை வருவதற்கு முன்பே மனிதர்கள் தக்களி என்கிற சிறு கதிரைச் சுழலவிட்டு நூல் நூற்றார்கள். தக்களியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கும் போகலாம், பிள்ளை அழுதால் கீழே வைத்துவிட்டுத் தூக்கலாம், மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். வீட்டையும் பிள்ளையையும் விட்டு நகர முடியாதவளுக்கு ஏற்ற வேலை.

நம் பழைய தமிழ்ப் பாடல்களிலும் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள். புறநானூறு இவர்களைப் பருத்திப் பெண்டு என்று சொல்கிறது. இரவில் எழுந்து பஞ்சைச் சுத்தம் செய்யும் ஒருத்தியின் சிறு விளக்கு அதில் ஒரு பாடலில் எரிகிறது. நற்றிணையில் இன்னொரு பாடல், ஆண் துணையில்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற மிக மெல்லிய நூலை, உயர்ந்த மலைமீது தவழும் மேகத்துக்கு ஒப்பிடுகிறது. காலையில் எங்கள் மலைகளில் பனிமூட்டம் இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் என்று நாம் இன்று படிவங்களில் எழுதுகிறோமே, அவர்கள் அன்றும் இருந்தார்கள். கூலி வேலைக்கு வெளியே போக முடியாத அவர்களுக்கு நூல்தான் சோறு போட்டது.

தமிழில் புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர். நன்னூல் அதற்கு விளக்கம் தரும்போது, சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமிக்கிறது. படித்தவர்களின் வேலைக்கு உயர்ந்த உவமை தேடியபோது நூற்கும் பெண்தான் இலக்கண ஆசிரியரின் கண்ணில் பட்டிருக்கிறாள். என் படிவத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று.

கூடை சுமந்தபடி பின்னியவர்கள்

வெட்கத்தோடு பழைய பாடக் குறிப்புகளைத் தேடி எடுத்தபோது, ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுப் பெண்களைப் பற்றிய பக்கங்கள் கிடைத்தன. படித்த காலத்தில் அவை எனக்குத் தூரத்துச் செய்தியாக இருந்தன. இப்போது அப்படித் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தீவுகளின் ஆண்களில் பெரும்பாலோர் கடலில் இருந்தார்கள். வயலும் மாடும் பிள்ளைகளும் வயோதிபர்களும் பெண்களின் பொறுப்பு. அடுப்பெரிக்க விறகு இல்லாத குளிர்த் தீவு அது. சேற்று நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகளைத்தான் எரித்தார்கள். அவற்றை முதுகில் கூடை கட்டித் தூரத்திலிருந்து சுமந்து வருவார்கள். கொழுந்துக் கூடையோடு மலையேறும் நம் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: கூடை முதுகில் இருக்கும்போது ஷெட்லாண்ட் பெண்ணின் கைகள் பின்னிக்கொண்டிருக்கும். இடுப்பில் ஒரு தோற்பட்டி. அதில் குதிரைமயிர் அடைத்த திண்டில் சிறுசிறு ஓட்டைகள். ஒரு ஊசியின் நுனியை அந்த ஓட்டையில் செருகிவிட்டால் நடந்தபடியே பின்னலாம். கம்பளியையும் அவர்களே ஆட்டிலிருந்து எடுத்து, சீவி, மாலையில் ராட்டையில் நூற்றார்கள். அங்கே உன்ஸ்ட் என்ற தீவின் பெண்கள் பின்னிய சால்வை எவ்வளவு மெல்லியதென்றால், முழுச் சால்வையையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள்ளே இழுத்து எடுத்துவிடலாம்.

அந்தக் கைத்திறனுக்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பணம் இல்லை. வியாபாரி சால்வையை வாங்கிக்கொண்டு தன் கடையிலிருந்து தேயிலையும் துணியும் கொடுப்பார். உடனே ஒன்றும் வேண்டாம் என்றால் ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டும் அந்தக் கடையில்தான் செல்லும். மாவோ கிழங்கோ பின்னலுக்குப் பதிலாகக் கொடுக்க மாட்டார்கள். வீட்டு வாடகைக்குத் தேயிலையைக் கொடுக்க முடியுமா? பின்னலை மட்டும் நம்பியிருந்த தனித்த பெண்கள், கடையில் வாங்கிய தேயிலையைச் சுமந்துகொண்டு அயலவர்களிடம் போய், அதைக் கொடுத்து உணவுப்பொருள் வாங்க வேண்டியிருந்தது. நம் மலையகத்துப் பாட்டிமாருக்கும் ஒரு காலத்தில் சம்பளத்தில் கழித்துக்கொண்டு தோட்டத்திலேயே அரிசி கொடுத்தார்கள். ஆகவே இந்தக் கதை நமக்குப் புரியாததல்ல.

1872 இல் பிரித்தானிய அரசாங்கம் இதை விசாரிக்க ஓர் ஆணையாளரை அனுப்பியது. பின்னும் பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். என்ன பின்னினேன், எவ்வளவு நாள் எடுத்தது, பணம் கேட்டேனா, என்ன கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னது அப்படியே பதிவாகி அச்சானது. கூலியைப் பொருளாகக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1831 முதலே அங்கே இருந்தது. வீட்டிலிருந்து பின்னும் பெண்ணுக்கு அது உதவவில்லை. 1887 இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான், வீட்டிலே பின்னுபவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். வழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனாலும் அவளுடைய வேலையும் வேலைதான் என்று சட்டம் சொல்லிவிட்டது. பெண்கள் வாய்திறந்து தங்கள் நாட்களை எண்ணிச் சொன்னது வீண்போகவில்லை.

நூற்பவளின் கூலி என்ற இந்தக் கேள்வி நம் பக்கத்திலும் எழுந்தது. மகாத்மா காந்தி 1927 நவம்பரில் இலங்கை வந்தபோது யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில் கதர் நிதிக்குப் பணம் திரட்டினார். கதர் என்றால் ஏழைப் பெண்களின் கைநூல். ஆனால் கதரை மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக நூற்பவளின் கூலியை மிகக் குறைவாக வைத்திருந்தார்கள். இது நியாயமில்லை என்று காந்தியே பிறகு வற்புறுத்தினார். 1935 இல் அகில இந்திய நூற்போர் சங்கம், நூற்பவர்களுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதனால் கதரின் விலை கூடும் என்று தெரிந்தேதான் அந்தத் தீர்மானத்தை எடுத்தார்கள்.

ஆண்கள் பின்னும் தீவு

“பின்னல் பொம்பளைங்க வேலை, அதனாலதான் காசு கம்மி” என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரியில் தக்கீலே என்ற தீவு இருக்கிறது. அங்கே பின்னுவது ஆண்கள். ஏறக்குறைய எட்டு வயதிலேயே ஆண்பிள்ளைகள் பின்னல் ஊசியைக் கையில் எடுக்கிறார்கள். காது மூடும் கம்பளித் தொப்பியைப் பின்னக் கற்பதுதான் அவர்களுக்கு முதற்பாடம். பெண்கள் நூல் நூற்கிறார்கள், தறியில் நெய்கிறார்கள். அவர்கள் நூற்ற நூலில்தான் ஆண்கள் பின்னுகிறார்கள். தீவுத் தெருவில் ஆண்கள் நின்று பேசும்போதும் நடக்கும்போதும் ஊசிகள் ஓடிக்கொண்டிருக்கும். யுனெஸ்கோ 2005 இல் இந்தத் தீவின் நூற்கலையை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

அப்படியானால் ஊசி பெண்ணின் விரலுக்கென்று பிறந்ததல்ல. எந்த வேலை யாருடையது என்பது அந்தந்த ஊர் வழக்கம். எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் மனிதர் வைத்ததுதான். மனிதர் வைத்ததை மனிதர் மாற்றலாம்.

தீக்குச்சிக் கணக்கு

இனி அந்த அக்காவிடம் திரும்பிப் போகிறேன். உண்மையாகவே திரும்பிப் போனேன். என் தவறை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். “நான்தானே மிஸ் சும்மா இருக்கேன்னு சொன்னேன். நீங்க என்ன செய்வீங்க?” என்றார். அந்தப் பதில்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த ஸ்வெட்டருக்கு நாங்கள் இருவரும் ஒரு கணக்கு வைத்தோம். காலி மாச்சிஸ் பெட்டி ஒன்று. பின்னிய நேரம் அரை மணியானதும் அதில் ஒரு தீக்குச்சி. பத்து நிமிடம், கால் மணி என்று துண்டு துண்டாக வரும்போது கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகள் அதற்குப் பொறுப்பெடுத்தாள். ஒன்பதாம் நாள் ஸ்வெட்டர் முடிந்தது. பெட்டியில் 43 குச்சிகள். அதாவது இருபத்தொன்றரை மணித்தியாலம். நூல் வியாபாரி கொடுத்தது. கூலி 650 ரூபா. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 30 ரூபா. பட்டணத்தில் ஒரு பிளேன்ரீக்கும் போதாது.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இத்தன நேரமா நான் வேல செஞ்சிருக்கேன்?” என்றார். காசு குறைவு என்பதைவிட, நேரம் அவ்வளவு என்பதுதான் அவரை நிறுத்தியது. உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: “ராவுல லைட்டப் போட்டு ஒக்காந்திருந்தது சும்மாவா அப்புறம்?”

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இதுதான். அதே வியாபாரிக்குப் பின்னும் நான்கு பெண்கள் சேர்ந்து கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதங்கள் நூல் கொடுக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்கு நித்திரை இல்லை. கிடைத்துக்கொண்டிருந்த சிறு வருமானத்தையும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். ஒருவர் பொறுக்க முடியாமல் விலகிப் பழைய கூலிக்கே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, அவருக்குக் கைக்குழந்தை. மற்ற மூவரும் சங்கத்திலிருந்து சிறு தொகை கடன் எடுத்து, தாங்களே நூல் வாங்கிக் குழந்தைத் தொப்பியும் காலுறையும் பின்னினார்கள். சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்கு வெளியூர்ச் சனம் திரளும் காலத்தில் அவற்றைக் கொண்டுபோய் விற்றார்கள். செலவு போகக் கையில் மிஞ்சியது பெரிய தொகையல்ல. ஆனால் மணிக்கணக்கில் வகுத்தபோது பழைய கூலியைப்போல் மூன்று மடங்கு வந்தது. பிறகு வியாபாரியும் திரும்பி வந்தார். இப்போது பூவேலை போட்ட ஸ்வெட்டருக்கு 900 ரூபா கொடுக்கிறார். அதுவும் போதாதுதான். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

உதவித் திட்டப் பட்டியலில் பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிவத்தைத் திருத்திவிட்டேன். தொழில் என்ற இடத்தில் இப்போது ‘பின்னல் தொழில், வீட்டிலிருந்து’ என்று இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996 இல் நிறைவேற்றிய 177 ஆம் இலக்கச் சமவாயமும், கூலிக்காக வீட்டிலிருந்து பிறருக்குப் பொருள் செய்து கொடுப்பவரைத் தொழிலாளியாகவே கருதுகிறது. ஆகவே நான் சலுகை எதுவும் செய்யவில்லை. உள்ளதை எழுதினேன்.

நீங்கள் செய்யக்கூடியவை

சகோதரிகளே, பின்னலாக இருந்தாலும், தென்னந்தும்புக் கயிறு திரிப்பதாக இருந்தாலும், ஓலைப்பெட்டி இழைப்பதாக இருந்தாலும், பலகாரம் செய்வதாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

1. ஒரு வாரம் உங்கள் நேரத்தை எண்ணிப் பாருங்கள். கொப்பி வேண்டாம் என்றால் தீக்குச்சியோ புளியங்கொட்டையோ போதும். நடுவில் எழுந்து போன நேரத்தைக் கழித்து நேர்மையாக எண்ணுங்கள். அப்போதுதான் கேட்பவரிடம் உறுதியாகச் சொல்ல முடியும்.

2. விலை வைக்கும்போது நூலின் விலை, பேருந்துச் செலவு ஆகியவற்றோடு உங்கள் நேரத்தின் கூலியையும் தனியாக எழுதுங்கள். பல பெண்கள் நூலின் விலைக்கு மேல் ஏதோ கொஞ்சம் வைத்து விற்கிறார்கள். அந்தக் ‘கொஞ்சம்’தான் உங்கள் உழைப்பு முழுவதும்.

3. கூலி கேட்பதென்றால் தனியாகப் போகாதீர்கள். அதற்கு முன் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும் வழியைச் சேர்ந்து யோசியுங்கள். நான் அதை முன்னமே யோசிக்கத் தவறினேன்.

4. யாராவது படிவத்தோடு வந்து தொழில் கேட்டால் “சும்மா இருக்கிறேன்” என்று சொல்லாதீர்கள். செய்வதைச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் எழுத மறந்தால் எழுதச் சொல்லுங்கள்.

5. மகனுக்கும் ஊசியைக் கொடுங்கள். தக்கீலேத் தீவில் எட்டு வயதுப் பையன் பின்னுவான் என்றால் நம் வீட்டுப் பையனாலும் முடியும்.

ஒரு விடயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ரூபா வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மா எங்களுக்குப் பின்னியதற்கு நாங்கள் என்ன விலை கொடுத்திருக்க முடியும்? பேரப்பிள்ளைக்குத் தொப்பி பின்னும் பாட்டி மணிக்கணக்கு வைக்கத் தேவையில்லை. ஆனால் விலை இல்லாதது வேறு, மதிப்பு இல்லாதது வேறு. அன்புக்காகச் செய்வதும் வேலைதான் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சென்ற மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் விரல் மூட்டுகள் இப்போது வீங்கியிருக்கின்றன. குளிர் நாட்களில் ஊசி பிடிக்க முடிவதில்லை. என் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் தொடங்கிப் பாதியில் நிற்கிறது. அதை நான் முடிக்கிறேன் என்று எடுத்தேன். நூல் வளையத்தைப் பந்தாகச் சுற்ற வேண்டும், பிடிக்க ஆளில்லை. தீக்குச்சிக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்து கைகளை நீட்டினார்.

நூல் ஓடும் வேகத்துக்கு அவருக்குக் கைகளை ஆட்டத் தெரியவில்லை. இரண்டு முறை சிக்கியது. அம்மா கட்டிலில் இருந்தபடியே, “அசையாம நிக்கக் கூடாது, நூலோட போங்கோ” என்று சொல்லிக் கொடுத்தார். முடிந்ததும் அப்பா தோள்பட்டையைத் தடவிக்கொண்டு, “இதுக்கே இவ்வளவு நேரமா?” என்று கேட்டார்.

“இன்னும் பின்னவே தொடங்கேல்ல” என்றார் அம்மா.

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வளையத்துக்குக் கைகளை நீட்டினார்.

உங்கள் வீட்டுத் தீக்குச்சிக் கணக்கை எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.